விடுதி விழாவின் நாற்பது நிமிடம்: நாடகமா, பட்டிமன்றமா, வில்லுப்பாட்டா?

பிப்ரவரி பிறந்தால் நான் படித்த விடுதியிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடும். விடுதி விழாவன்று இரவுச் சாப்பாட்டுக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் நடுவே தமிழ் மன்றத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குவார்கள். அந்த நாற்பது நிமிடத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சின் பொருள். எதைக் கேலி செய்வது என்பதில் மாணவர்களுக்குள் ஒருபோதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பாடநூலில் படித்த மன்னர்கள், அன்றைய நாளிதழின் முதல் பக்கம், ஊரே முணுமுணுக்கும் பாட்டு, மெஸ்ஸில் ஊற்றும் சாம்பார் ஆகிய நான்கும் ஆண்டுதோறும் பட்டியலில் இருக்கும். சண்டை எல்லாம் வடிவத்தைப் பற்றித்தான். இவ்வாண்டு மூன்றாமாண்டு மாணவர்கள் ஐவர் நேரிலேயே வந்து ஐந்து யோசனைகளை முன்வைத்தார்கள்: நாடகம், பட்டிமன்றம், திரைப்பாட்டு மெட்டுக்கு மாற்றுவரி, மீம் கண்காட்சி, வில்லுப்பாட்டு. கடைசி யோசனையைச் சொன்னவன் நாகர்கோவில் பக்கத்துப் பையன். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துக்கொண்டான்.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வில்லுப்பாட்டின் பக்கம். செலவு குறைவு, மண்ணின் கலை என்பன போன்ற காரணங்களை விழா மலரில் எழுதிக்கொள்ளலாம். என் காரணம் வேறு. கேலி செய்பவனை அதே மேடையில், அதே நொடியில் இடைமறித்து, "நீ சொல்வது சரிதானா?" என்று கேட்பதற்கென்றே ஓர் ஆளை உட்காரவைத்திருக்கும் வடிவம் அது. பட்டிமன்றமும் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வரும். அதைப் பிறகு பார்க்கலாம். அப்படி ஓர் ஆள் இல்லாத மேடையில் கேலி எவ்வாறு கெட்டுப்போகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால், நாடகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் படித்த காலத்தில், பருவத்தின் நடுவே எங்கள் பிளாக்குக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டே நாள் அவகாசத்தில் நூற்றெண்பது பேரையும் பெட்டி படுக்கையுடன் வளாகத்தின் மறுகோடியில் இருந்த பழைய கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் வரவில்லை என்று ஒரு மாதத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வெள்ளையடிப்பு அதுவரை தொடங்கியிருக்கவில்லை. இதற்குப் பிறகும் ஒரு மாணவனுக்கு முகமது பின் துக்ளக் நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? 1327 வாக்கில் டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தேவகிரியைத் தலைநகராக்கி, அதற்குத் தௌலதாபாத் என்று பெயர் சூட்டி, சில ஆண்டுகளில் மீண்டும் டெல்லிக்கே திரும்பியவர் அந்தச் சுல்தான். வெள்ளி நாணயத்துக்கு ஈடாகப் பித்தளையிலும் செம்பிலும் நாணயம் வெளியிட்டு, அது வீட்டுக்கு வீடு கள்ளத்தனமாக அடிக்கப்பட்டதும், கஜானாவிலிருந்து வெள்ளியைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டவரும் அவரே. எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்புக்கு அப்போது மஞ்சள் டோக்கன் கொடுப்பார்கள். கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அதே மஞ்சள் தாள் கிடைக்கிறது என்பதை ஒருவன் கண்டுபிடித்த வாரத்தில், நானூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸில் நானூற்று எழுபது டோக்கன்கள் சேர்ந்தன. வரலாறு இப்படிப் பழுத்து மடியில் விழுந்தால் யார்தான் நாடகம் எழுதமாட்டார்கள்?

எழுதினோம். துக்ளக்கை வைத்து நடப்பு அரசியலைக் கேலி செய்யும் வேலையைச் சோ 1968இலேயே மேடையில் செய்துவிட்டார், 1971இல் அது படமாகவும் வந்துவிட்டது என்பதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று எங்களுக்கு இருந்திருக்க வேண்டும். 'பைத்தியக்காரச் சுல்தான்' என்ற சித்திரம் பெரும்பாலும் பரணி, இபன் பதூதா என்னும் அக்காலத்தவர் இருவர் எழுதியவற்றைக் கொண்டு உருவானது. பதூதா டெல்லிக்கு வந்து சேர்ந்தது 1334இல்; தலைநகர் மாற்றத்தை அவர் கண்ணால் பார்த்தவர் அல்லர், பிறர் சொல்லக் கேட்டவர். பரணியோ அந்தச் சுல்தானின் அவையில் இருந்துவிட்டு, அவர் இறந்த பிறகு, தன் காலம் மங்கிய நிலையில் எழுதியவர். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பது போன்ற எழுத்து அது. ஊர் முழுவதும் காலி செய்யப்படவில்லை, பிரபுக்களும் அறிஞர்களும் அவர்களைச் சார்ந்தோருமே பெரும்பாலும் இடம் மாறினார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது துக்ளக்கின் தரப்பைச் சொல்வதற்கு ஆள் இருந்திருக்கிறது. எங்கள் நாடகத்தில்தான் இல்லை. சுல்தானுக்கு நாங்கள் கொடுத்த வசனம் எல்லாம் அவரை முட்டாளாகக் காட்டும் வசனம் மட்டுமே.

இதோடு நின்றிருந்தால் நட்டம் பதினான்காம் நூற்றாண்டோடு போயிருக்கும். ஒத்திகையின்போது எவனோ ஒருவனுக்கு, சுல்தான் எங்கள் வார்டனைப் போலத் திக்கிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நானும் கைதட்டினேன். விழாவன்று வார்டன் முதல் வரிசையில் மனைவியோடும் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத மகளோடும் உட்கார்ந்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு அரங்கம் அதிர்ந்தது. இரண்டாவது வாக்கியத்திலிருந்து நான் திரைச்சீலை இடுக்கு வழியாக அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை, அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருபத்தைந்து நிமிடம் அதே குரலில் ஓட வேண்டிய நாடகம் அது. நடுவில் மாற்ற வழியில்லை, நிறுத்த வழியில்லை, அந்த மனிதர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. எழுந்து சொல்லியிருந்தாலும் திக்கித்தான் சொல்லியிருப்பார்.

தமிழில் வசைக்குப் பேர்போன காளமேகம் நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றைப் பாடிய கதை எல்லாருக்கும் தெரியும். பொழுது சாயும்போதுதான் அங்கே அரிசி வந்து சேரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பசி எரிச்சலில் பாடிவிட்டார். விடுதி மெஸ்ஸைப் பற்றிய கேலிகளுக்கெல்லாம் மூத்த கேலி அதுவே. ஆனால் கதையின் பிற்பகுதியைத்தான் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சத்திரத்துக்காரர் எதிரே வந்து நின்று வருந்தினார். புலவர் அதே பாட்டுக்கு, ஊரில் அரிசியே அற்றுப்போன பஞ்சத்திலும் இங்கே அரிசி வந்துகொண்டிருக்கும், ஊர்ப்பசியெல்லாம் இங்கே அடங்கும், இங்கே இடும் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் தோற்கும் என்று வாழ்த்தாகப் பொருள் சொல்லித் தந்தார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, கேலிக்கு ஆளானவர் வந்து நிற்க ஓர் இடமும், கேலி செய்தவர் திரும்பி நடக்க ஒரு வழியும் அதில் இருக்கின்றன. இவ்விரண்டையும்தான் நான் ஐந்து வடிவங்களிலும் தேடுகிறேன்.

நாடகத்தின் மீது எனக்குப் பகை இல்லை. எம். ஆர். ராதா போன்ற ஒருவர் கிடைத்தால் நாடகமும் அன்றன்றைய செய்தியை அன்றிரவே விழுங்கிக்கொள்ளும். அவருடைய நாடகங்களை மனத்தில் வைத்தே 1954இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது என்பார்கள். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்தான். ஓர் அரசையே சட்டம் எழுத வைக்கும் வல்லமை வேறு எந்த மேடைக்கும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுதி நாடகம் என்பது ஆறு வார ஒத்திகை, வாடகைக்கு எடுத்த ஜரிகை அங்கி, வியர்வையில் பாதி மீசை கழன்று தொங்கும் சுல்தான், வசனம் மறந்து திரைக்குப் பின்னால் பார்க்கும் மந்திரி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஜனவரியில் எழுதிய நடப்புக் கேலி பிப்ரவரி கடைசியில் ஊசிப்போயிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகும் துணிவு மனப்பாடம் செய்து நடிப்பவர்களுக்கு வராது.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். பழைமையில் இதை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்று மணிமேகலையின் விழாவறை காதையிலேயே அழைப்பு இருக்கிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற இலக்கிய மேடைகளில் வளர்ந்து, இன்று பொங்கலன்றும் தீபாவளியன்றும் குளித்துவிட்டு வந்தவுடன் தொலைக்காட்சியில் பார்க்கும் பண்டமாகியிருக்கிறது. ஏழு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு ஒலிவாங்கி போதும். எதிரணி என்று ஒன்று இருப்பதால் மறுமொழிக்கும் குறைவில்லை. குறை எங்கே என்றால், மறுமொழி கேலிக்கு ஆளானவரிடமிருந்து வருவதில்லை, இன்னொரு கேலிக்காரனிடமிருந்து வருகிறது. 'விடுதி மாணவனைப் பெரிதும் வாட்டுவது அரியரா, அட்டெண்டன்ஸா' என்று தலைப்பு வைத்தால், மூன்று பேர் அரியரையும் மூன்று பேர் அட்டெண்டன்ஸையும் திட்டிவிட்டு, நடுவில் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டு, கடைசியில் இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று நடுவர் முடித்துவைப்பார். எழுபத்தைந்து விழுக்காடு வருகைக்குக் குறைந்தால் கட்டவேண்டிய கண்டொனேஷன் பணத்தை வசூலிக்கும் அலுவலக எழுத்தருக்கு அங்கே நாற்காலி இல்லை. வரலாறு இதில் மேற்கோளாக மட்டுமே வரும். இசை வரவே வராது. நான்கில் இரண்டு போயிற்று. யாரும் தயாராகாமல் விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மட்டும் நான் பட்டிமன்றத்தைப் பரிந்துரைப்பேன்.

திரைப்பாட்டு மெட்டுக்கு மாற்றுவரி எழுதிப் பாடுவதைச் சென்னைக் கல்லூரி விழாக்களில் அடாப்டியூன் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இசையைக் கேலி செய்வதற்கும் இசையால் கேலி செய்வதற்கும் இதைவிட நேரான வழி இல்லை. மாநகரப் பேருந்தின் தகரத்தைத் தட்டிக்கொண்டே கானா கட்டும் மாணவன் வகுப்பில் யாப்பைக் கண்டு நடுங்குவான். பேருந்தில் ஒரு சீர்கூடப் பிசகாது. இந்த யோசனையைக் கொண்டுவந்தவள் வீட்டில் பத்தாண்டு கர்நாடக இசை படித்த பெண் என்பதால் திரைப்பாட்டோடு நிற்கவில்லை. ராகம் தானம் பல்லவியில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதையே மூன்று காலத்திலும் பாடிக்காட்டுவார்கள் அல்லவா? "சாம்பாரிலே பருப்பெங்கே" என்னும் வரியை ஆதி தாளத்தில் வைத்து, முகாரியில் எனக்குப் பாடிக்காட்டினாள். விளம்ப காலத்தில் அது ஏதோ பரம்பொருளைத் தேடும் கேள்வியைப் போல ஒலித்தது. இரண்டாம் காலத்தில் பசித்தவனின் முறையீடாயிற்று. மூன்றாம் காலத்தில் தட்டைத் தட்டிக்கொண்டு மெஸ் வாசலில் நடக்கும் போராட்டமே கேட்டது. வார்த்தை ஒன்றும் மாறவில்லை, வேகம் மட்டுமே மாறியது. மார்கழிக் கச்சேரிகளைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கக் கிண்டல்களைவிட இந்த மூன்று நிமிடம் கூர்மையானது, ஏனென்றால் கேலி செய்பவளுக்குக் கேலிப்பொருளின் இலக்கணம் முழுவதும் தெரிந்திருக்கிறது.

ஆனால் மூன்று நிமிடம்தான். நான்காவது மாற்றுவரிப் பாட்டில் அரங்கம் மூல வரியைத் தானாகவே பாடத் தொடங்கிவிடும், உங்கள் வரி எவர் காதிலும் விழாது. வரலாற்றை இதற்குள் நுழைக்க இடமே இல்லை. சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு, அதைப் பெரிதாக்கிப் பயப்படவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக ஆசிரியரும் மாணவரும் ஒரு பாட்டை நிகழ்த்துவதும், பார்ப்பவர்கள் அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுமாக இருப்பதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே நிகழ்ச்சியை அன்றிரவே யூடியூபில் ஏற்றிவிட்டால் அந்தக் குடை அங்கே விரியாது. அரங்கத்துக்குள் பாடுவது வரை கவலை இல்லை.

மீம் கண்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1906இல் வெளிவரத் தொடங்கிய, பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களிலிருந்து நம் காலத்துக் கைபேசி வரை அரசியலைப் படத்தால் குத்துவதற்கு நல்ல பரம்பரை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கருத்துப்படத்துக்குக் கீழே வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தன. போலீஸ் தேடி வந்தால் அகப்படுவதற்கு ஓர் ஆள் இருந்தார். மீமுக்கு அப்படி யாரும் இல்லை. விடுதிக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தை வைத்துச் செய்த படம் மறுநாள் எவர் வீட்டுக் குடும்பக் குழுவிலோ போய்ச் சம்பவம் இல்லாமல் படமாக மட்டும் நிற்கும். எங்கள் வார்டனின் மகளுக்கு அந்த இரவோடு போயிற்று. இன்றாக இருந்தால் அவளுடைய பள்ளிக்கே அது போய்ச் சேர்ந்திருக்கும். வராந்தாவில் பத்துப் படம் மாட்டுங்கள், தடுக்கமாட்டேன். நாற்பது நிமிடத்தை அதற்குக் கொடுக்கமாட்டேன்.

இனி வில்லு. தெரியாதவர்களுக்காகச் சொல்வதென்றால், நீண்ட வில் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன் நடுவில் குடத்தை இணைத்து, வில்லில் மணிகளைத் தொங்கவிட்டு, நாணை வீசுகோலால் அடித்தபடி தலைமைப் புலவர் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் இருபுறமும் அமர்ந்தவர்களின் கையில் இருக்கும். நெல்லை, குமரிப் பக்கத்தில் சுடலைமாடன் கோயிலிலும் முத்தாரம்மன் கோயிலிலும் கொடைத் திருவிழா என்றால் வில்லும் உண்டு. புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். வெளியூர்க்காரர்கள் இதை வெறும் தாளக்கட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த ஆமாவுக்குள் பல தினுசு உண்டு: ஒப்புக்கொள்ளும் ஆமா, சந்தேகப்படும் ஆமா, "அப்படியா சங்கதி" என்று மூக்கில் விரல் வைக்கும் ஆமா, கதையை அங்கேயே நிறுத்தி "அது எப்படி அண்ணே?" என்று கேள்வி கேட்பதற்கு முன்னோட்டமான ஆமா. கதை எவ்வளவு பழையதானாலும் அந்தக் கேள்வி அன்றைக்கே பிறந்த கேள்வியாக இருக்கலாம். எனவே நடப்புச் செய்தியைச் செருகுவதற்கு நாடகத்தைப் போல வசனத்தைக் கிழித்துத் தைக்க வேண்டியதில்லை. மாலைப் பேப்பரைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும்.

கோயிலில் ஒலித்த வில்லை வானொலிக்கும் பொதுமேடைக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சுப்பு ஆறுமுகம். 2021இல் பத்மஸ்ரீ பெற்று 2022இல் மறைந்தார். அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன். மரியாதை இல்லாமல் வரலாற்றையும் இசையையும் தொடுவது எப்படி என்பதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் கிருஷ்ணனுடைய கிந்தனார்தான். அது வில்லுப்பாட்டு அன்று, கதாகாலட்சேபம். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். நந்தனார் சரித்திரத்தின் நடையையும் உருக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, போகுமிடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேலி நந்தன் மேல் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனை நெருப்பில் இறக்கியே ஏற்றுக்கொண்ட ஊரின் மேல் விழுகிறது.

மாணவர்கள் கேட்டார்கள், எங்களுக்கு அப்படி ஒரு கதை எங்கே கிடைக்கும் என்று. வில்லுப்பாட்டு ஊரிலேயே கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866 வாக்கில் ஒரு சாலையை ஏற்படுத்தினான். சாலை என்றால் தார்ச்சாலை அன்று. மாணவர்கள் தங்கி உண்டு படிக்கும் இடம், நம் மொழியில் ஹாஸ்டல். அவன் செப்பேட்டில் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, வேதப் பிரிவுவாரியாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: பவிழிய சரணத்தார்க்கு நாற்பத்தைந்து, தைத்திரியர்க்கு முப்பத்தாறு, தலவகாரர்க்குப் பதினான்கு. சீட்டுப் பங்கீடு என்பது நேற்று வந்த வழக்கம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் பொங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். வேதம் ஓதும் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் மொத்த இடமும் என்பதையும் சேர்த்துக் காட்டலாம். பிறகு விதிகள் வருகின்றன. சக மாணவனைத் தவறாகப் பேசினால் காசு தண்டம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. தங்கும் இடத்தில் வேலைக்காரப் பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது. விதி எழுதப்பட்டிருக்கிறது என்றால் அதற்கு முன் என்னென்ன நடந்திருக்கும் என்பதை எந்த விடுதி மாணவனுக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாலைக்கு முன்மாதிரியாகச் செப்பேடு சுட்டுவது காந்தளூரை. அந்தக் காந்தளூர்ச் சாலையைத்தான் முதலாம் ராஜராஜன் "கலமறுத்தருளி"னான் என்று அவன் மெய்க்கீர்த்தி முழங்குகிறது. கலம் என்பது கப்பல், சேரனின் மரக்கலங்களை அழித்தான் என்றார்கள் ஒரு சாரார். கலம் என்பது உண்கலம், சாலை என்பது சோறிடும் இடம், அங்கே நடந்த உணவு ஏற்பாட்டில்தான் மன்னன் கை வைத்தான் என்றார்கள் மறு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப் பற்றித் தனியே ஒரு நூலே எழுதினார். நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் தீர்க்காத வழக்கு இது. கடற்போரா, மெஸ் மூடலா என்று கல்வெட்டே சிலேடையை எடுத்துக் கையில் கொடுக்கும்போது, ஒரு விடுதிக்கு வேறு என்ன கதை வேண்டும்? நாங்கள் உட்கார்ந்து எழுதிய முதல் பகுதி இப்படி இருந்தது:

"காந்தளூர்ச் சாலையிலே கலமறுத்தான் ராஜராஜன்!"

"ஆமா! கலம்னா என்ன அண்ணே?"

"கப்பல்டா."

"தங்கிப் படிக்கிற பயலுவளுக்குக் கப்பல் எதுக்கு அண்ணே?"

"அப்போ தட்டுன்னு வச்சுக்கோ."

"தட்ட ஒடைக்கவா தஞ்சாவூர்லேருந்து யானைப்படையோட வந்தாரு? எங்க மெஸ் செக்ரட்டரிகிட்டச் சொல்லியிருந்தா ஒரு நோட்டீஸ்ல முடிச்சிருப்பாரே!"

இங்கே கேலி மன்னன் மேல் விழுகிறதா, மெஸ் செயலாளர் மேல் விழுகிறதா, கப்பலுக்காகச் சண்டையிட்ட அறிஞர்கள் மேல் விழுகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். ராஜராஜன் பெயரை எடுத்தாலே இரண்டு பக்கத்திலிருந்தும் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கும் காலம் இது. கேள்வி கேட்பவன் ஒன்றும் தெரியாத அப்பாவியாக மேடையிலேயே இருப்பதால், கோபத்துக்கும் ஒரு பங்கு பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பார்த்திவபுரத்தின் தொண்ணூற்றைந்து தட்டுகளிலிருந்து தொடங்கி, அந்தப் பந்தியில் தட்டே இல்லாதவனின் பிள்ளை இன்று எந்த விடுதியில் எந்த வரிசையில் நிற்கிறான் என்பதில் போய் முடிக்கலாம் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், எழுதுவார்களா என்று தெரியாது.

இந்த வடிவத்தின் தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் அரங்கம் நெளியும். வெறும் தந்தனத்தோமுக்கு விசிலடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கைபேசியை எடுப்பார்கள். தலைமைப் பாட்டுக்கு உண்மையாகவே குரல் வேண்டும், ஒலிவாங்கியை நம்பிக் குரலில்லாதவனை உட்காரவைத்தால் குடச் சத்தம் அவனை விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது பலருக்குச் சாமி காரியம். வில்லடியில் அருள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் அரங்கில் இருப்பார்கள். சாமியாட்டத்தை வேடிக்கையாக நடித்துக்காட்டினால் என் துக்ளக் நாடகத்தின் அதே குழியில்தான் விழுவோம். வில்லை எடுத்துக்கொள்ளலாம், கொடையை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நாகர்கோவில் பையனே முதலில் சொன்னான். வில் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கும் அவனே வழி வைத்திருந்தான். மூங்கிலை வளைத்து நாமே கட்டிவிடலாம், மணிக்குப் பூக்கடைப் பக்கம் போகலாம், குடம் அடிப்பதற்குத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளும் நம் மெஸ்ஸிலேயே இருக்கிறார் என்றான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எட்டாண்டாக அங்கே பரிமாறும் அண்ணன் ஒருவர் சொந்த ஊர்க் கொடைகளில் குடம் அடித்தவராம். சென்ற சனிக்கிழமை முதல் ஒத்திகைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் ஈரத் தரையில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடத்துக்குக் கீழே துணிச் சும்மாட்டை வைத்து உட்கார்ந்திருந்தார். இசை படித்த அந்தப் பெண்ணின் பல்லவியையும் வில்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். அவள் "சாம்பாரிலே பருப்பெங்கே" என்று முதல் காலத்தில் நீட்டினாள். இரண்டாம் காலத்துக்குப் போனாள். மூன்றாம் காலத்தில் அவள் ஏறும்போது, அவர் குடத்தை ஓங்கி ஒரு அறை அறைந்து பாட்டை நிறுத்தினார்.

"பருப்பு அண்டாவுக்கு அடியில கெடக்கு, தாயி. ஏழு மணிக்கே மொத ஆளா வந்து மேலாக அள்ளிட்டுப் போனா தண்ணிதான் வரும். கடைசிப் பந்திக்கு வா."

ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு அடுத்த வரி அவர்களிடம் இல்லை.